நடை தூரம்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு 'நடை தூரம்' என்ற சொல் பழக்கமானதாக இருக்கும். தரகர்களின் வாயில் அது ரப்பரைப் போல நீளும், சமயத்தில் சுருங்கும். ரயில் நிலையம் நடை தூரம், மார்க்கெட் நடை தூரம், கோயில் நடை தூரம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். யாருடைய நடை, எந்த வேளையில், கையில் எத்தனை கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு என்றெல்லாம் நாம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. கடைசியில், "கடற்கரையும் நடை தூரந்தான், சார்!" என்று சொல்லும்போது மட்டும் அவர்கள் குரலில் ஒரு மிடுக்கு ஏறும். அதற்குப் பிறகு வாடகையைச் சொல்வார்கள்.

அந்த மிடுக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற இடங்களுக்கெல்லாம் நாம் காரியமாக நடக்கிறோம். கடற்கரைக்கு மட்டும்தான் ஒரு காரியமும் இல்லாமல் நடக்கிறோம். அப்படி நடப்பதற்கு ஓர் இடம் கிட்டத்தில் இருப்பது சாமானியப்பட்ட பாக்கியமா?

நான் திருவல்லிக்கேணிக்கு வந்து நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. சொந்த ஊர் ஆலங்குளம். ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துக்கொண்டு, "அங்கே காய்கறி மலிவாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் சொல்வது அந்த ஊர் அல்ல. ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் தெற்கே, வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலங்குளம். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று கண்டு, 1970-இல் அங்கே ஒரு சிமெண்டு ஆலை வந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. வெயில் இருந்தது, கரிசல் இருந்தது, கண்மாய் இருந்தது. கண்மாயில் தண்ணீர் இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வறட்சிதான் எங்கள் பக்கத்துக்குச் சோறும் போட்டது. மழை அதிகம் பெய்கிற ஊரில் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து காய வைக்க முடியுமா? சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் வானம் பொய்த்தால் சம்சாரி அழுவார். அதே வானத்தைப் பார்த்துப் பட்டாசுக்காரர் ஆறுதல் அடைவார். இரண்டு பேரும் ஒரே தெருவில்தான் குடியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குக் கடல் எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்த சாமான்களாகத் தெரியும். தூத்துக்குடி உப்பாக வந்தது. சந்தையில் ஓலைக் கொட்டானில் கருவாடாக வந்தது. பூசை அறையில் சங்காக இருந்தது. இந்த உறவு நேற்று ஏற்பட்டதும் அல்ல என்று இப்போது தெரிகிறது. 2022-இல் தொடங்கி வெம்பக்கோட்டைப் பக்கத்து விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, மற்றப் பொருள்களோடு சங்கு வளையல்களும் ஏராளமாகக் கிடைத்தன. மன்னார் வளைகுடாவின் அடியிலிருந்து எடுத்த சங்கு, வைப்பாற்றங்கரையில் இருந்த எவளோ ஒருத்தியின் கையில் குலுங்கியிருக்கிறது. அவள் கடலைப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகந்தான்.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே முகவரிதான் தெரியும்: திருச்செந்தூர். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு, முருகன் படம் வைத்த சிறு வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு, தைப்பூசத்தை ஒட்டி எங்கள் சீமையிலிருந்து கூட்டங்கூட்டமாகப் பாதயாத்திரை போவார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நாலு நாள் நடை. போய்க் கடலில் முழுகி, கரையோரத்திலேயே இருக்கும் நாழிக்கிணற்றின் நல்ல தண்ணீரில் மறுபடியும் குளித்து, ஆண்டவனைத் தரிசித்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வருவார்கள். ஆகவே, தரகர் என்னிடம் முதல் முதலாக "கடற்கரை நடை தூரந்தான்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலிருந்துங்கூடக் கடல் நடை தூரந்தான்!

திருவல்லிக்கேணியில் எனக்குக் கிடைத்த வீடு ஒண்டுக்குடித்தனம். ஓர் அறை, ஓர் அடுக்களை, பொதுக் குழாய். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். வீட்டுக்காரர் மட்டும், "கடற்காத்துக்கே தனியா வாடகை வாங்கணும், ஏதோ உங்க முகத்துக்காக விட்டேன்" என்று மாதத்துக்கு ஒரு தரம் சொல்லுவார். அந்தக் காற்று சுவரைத் துளைத்துக்கொண்டு எந்த வழியாக உள்ளே வரும் என்று அவரும் சொன்னதில்லை.

ஆனால் காற்று வந்தது என்னவோ உண்மை. பகலில் நிலம் சீக்கிரம் சூடேறிவிடுகிறது. கடல் நிதானமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழும்பியதும், அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. சித்திரை, வைகாசியில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் இந்த விருந்தாளி தாமதமாகத்தான் வருவார்; சில நாள் வரவே மாட்டார். அப்படிப்பட்ட நாட்களில் திருவல்லிக்கேணித் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பவர்கள், முகூர்த்த வேளை தப்பி மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டுக்காரர்களைப் போல இருப்பார்கள். திடீரென்று தெருக்கோடியில் ஒரு காகிதம் பறக்கும். எங்கோ ஒரு கதவு படீரென்று சாத்திக்கொள்ளும். "வந்துடுத்து!" என்று யாராவது சொல்லுவார்கள். என்ன வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

வருகிற காற்று வெறுங்கையோடு வருவதும் இல்லை. ஜன்னல் கம்பியை அரிக்கும். சைக்கிள் சங்கிலியைச் சிவக்க வைக்கும். பொரித்த அப்பளத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குள் நமத்துப்போகச் செய்யும். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த தீப்பெட்டியை அடுக்களை ஜன்னலில் வைத்தால், மூன்றாம் நாள் குச்சியை உரசி உரசித் தோள்பட்டைதான் வலிக்கும். கரிசல் வெயிலில் காய்ந்து பிறந்த பொருளுக்கும் கடலோரத்துக்கும் பொருத்தம் கிடையாது. எனக்கு மட்டும் எப்படியோ பொருந்திவிட்டது.

பொருந்தியதற்குக் காரணம் அந்த வீடுதான். வீடு சின்னதாக இருந்தால் மனிதர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள். இதை நான் நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாரதி சாலை வழியாகக் கிழக்கே நடந்தால், 2001-இல் காணாமற் போய் 2006-இல் திரும்பி வந்த கண்ணகி சிலை தென்படும். சாலையைக் கடந்தால் மணல். அங்கேயிருந்து அலை வரைக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் அகலத்துக்கு எவருக்கும் சொந்தமில்லாத கூடம் ஒன்று விரித்துக் கிடக்கிறது.

கூடம் என்று யோசித்துத்தான் சொல்லுகிறேன். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், மயிலாப்பூர் சந்துகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இல்லாத கூடம் அது. மேன்ஷன் அறையில் நாலு பேரோடு படுத்துக்கொள்ளும் வாலிபன் பரீட்சைக்குப் படிக்க அங்கே வருகிறான். புதிதாகக் கல்யாணமானவர்கள், மாமியாரின் காதுக்கு எட்டாத ஒரு வார்த்தை பேசிக்கொள்ள அங்கே வருகிறார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் மருமகளின் டெலிவிஷனிலிருந்து தப்பி வருகிறார்கள். வீட்டில் போட முடியாத சண்டையைப் போட்டுத் தீர்த்துக்கொண்டு, ஒரு பொட்டலம் சுண்டலை இரண்டு பேராகத் தின்றுவிட்டுச் சமாதானமாகத் திரும்பிப் போன தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். அழுவதற்கென்று வருகிறவர்களும் உண்டு. அலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த மரியாதை நம் ஊரில் வேறெங்கும் கிடைக்காது.

ஊர் முழுவதற்குமே அது கூடந்தான். சுதந்திரப் போராட்டக் காலத்தில் பெரிய கூட்டங்கள் அந்த மணலில்தான் நடந்தன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாக அங்கே உட்கார்ந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் சோற்றுப் பொட்டலங்களோடு போய் நின்றார்கள். மாசி மகத்தன்று பார்த்தசாரதிப் பெருமாளே தெருக்களைக் கடந்து கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். காணும் பொங்கலன்று நகரமே அங்கே வந்துவிடும். குழந்தைகள் தொலைந்து போகாமலிருக்கப் போலீஸார் மணிக்கட்டில் அடையாள வளையம் கட்டி அனுப்புவார்கள். கடலோரத்திலேயே நிரந்தரமாக இடம் கிடைத்தவர்கள் என்று பார்த்தால் நான்கு முதலமைச்சர்களைத்தான் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களெல்லாம் இருட்டியதும் மணலை உதறிவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள்.

என் தகப்பனார் காலமான பிறகு, 1991-இல் அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். முதல் நாள் சாயங்காலமே கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். திருச்செந்தூரில் இரண்டு தடவை கடலைப் பார்த்தவள்தான். அங்கே அது சாமியைச் சேர்ந்த கடல். இங்கே பார்த்தது மகன் வீட்டுக்குப் பக்கத்துக் கடல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அலை வந்து காலைத் தொடும்வரை நின்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏய்யா, இம்புட்டுத் தண்ணியக் கண்ணு முன்னால வச்சிக்கிட்டா விடியங்காட்டியும் குழாயடியில நின்னு சண்டை போடுறீக?" என்று கேட்டாள்.

கண்மாய் வற்றிய ஊரிலிருந்து வந்தவளுக்கு அது பொறுக்கக் கூடியதாக இல்லை. அத்தனையும் உப்பு அம்மா என்றேன். "உப்ப எடுக்கத் தெரியாதாக்கும் இம்புட்டுப் படிச்ச ஊருக்கு?" என்றாள். நான் சிரித்தேன். 2010-இல் மீஞ்சூரிலும், 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டன. அம்மாவின் யோசனையைச் சர்க்கார் கேட்டுக்கொண்டதாகவே எங்கள் வீட்டில் பேச்சு.

அன்று முதல் தினம் ஐந்து மணிக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். பல வருஷம் இப்படி நடந்தது. அப்புறம் முழங்கால் வலி வந்தது. முதலில் அலை வரைக்கும் போவதை நிறுத்திக்கொண்டு, மணலின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மணலில் கால் புதைகிறது என்று அடுத்த வருஷம் கண்ணகி சிலையோடு நின்றாள். அதற்கும் அடுத்து, தெருக்கோடிப் பிள்ளையார் வரைக்கும். கடைசி இரண்டு வருஷங்களும் கட்டிலில்தான். ஐந்து மணி ஆனதும், "காத்து வந்துருச்சா?" என்று கேட்பாள். வந்துவிட்டது என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். தெரு அதே தெரு. கடல் அதே கடல். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் மட்டும் அவளுக்காக வருஷா வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. 2013-இல் அவள் போனாள்.

நடை தூரம் என்ற சொல்லைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். யோசிக்க யோசிக்க, அந்தத் தூரம் ஒவ்வொருவருக்கும் வேறாக இருப்பது தெரிந்தது. அதுமட்டுமல்ல, ஒருவருக்கு அது அமைந்த விதத்தில் இன்னொருவருக்கு என்ன நேர்ந்தது என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

நாங்கள் இவ்வளவு பெருமைப்படும் மணற்பரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆதியிலிருந்து இப்படியே கிடந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல், சாலைக்கு வெகு கிட்டத்தில் இருந்திருக்கிறது. 1870-களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. கல்லைக் கொட்டிக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். நம் கிழக்குக் கரையில் கடலோர நீரோட்டம் மணலைச் சுமந்துகொண்டு வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் திரும்பித் தெற்கே வருகிறது. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அப்படிப் போய்க்கொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. மறித்த மணல் தெற்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் 1884-இல் கரையோரமாக உலாவும் பாதை அமைத்து, இத்தாலிய நாட்டுக் கடற்கரை நினைவாக 'மெரீனா' என்று பெயரும் சூட்டினார். பெயர் சூட்டிய பிறகும் பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தது.

சரி, வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லையே, அங்கே என்ன ஆயிற்று? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மணல் இல்லை. கரையோரம் முழுவதும் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடல் வருஷக்கணக்காகக் கரையைத் தின்று, வீடுகளையும் தெருக்களையும் கொண்டுபோயிற்று. நான் சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு உட்காரும் மணலில், ராயபுரத்துக்காரரின் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டிய மணலும் இருக்கிறது. இதில் நானும் குற்றவாளி அல்ல. அவரும் ஏமாளி அல்ல. எங்களைக் கேட்டுக்கொண்டு எவரும் துறைமுகம் கட்டவில்லை. ஆனால் இது தெரிந்த பிறகு அந்த மணலில் உட்காரும்போது, பாகப்பிரிவினையில் கூடுதலாக வந்துவிட்ட நிலத்தில் உட்கார்ந்திருப்பவனின் மனசுதான் எனக்கு இருக்கிறது.

மெரீனாவிலேயே கூட எங்களைப் போன்றவர்கள் பின்னால் வந்தவர்கள். அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்குக் கடற்கரை நடை தூரம் அல்ல; அதுதான் வாசல். நாங்கள் காற்று வாங்கத் திரும்பும் வேளையில் அவர்கள் தூங்கப் போவார்கள். பின்னிரவில் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்போது, அந்தக் காற்றோடு படகைத் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்களுக்கு வருகிற காற்று ஒன்று. அவர்களைக் கொண்டுபோகிற காற்று மற்றொன்று.

கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்ற யோசனை அடிக்கடி பிறக்கும். அப்போதெல்லாம் கட்டுமரமும் வலையும் அழகில் சேருமா, சேராதா என்ற கேள்வியும் கூடவே பிறக்கும். 1985-இல் அவற்றை மெரீனாவிலிருந்து அகற்ற முற்பட்டபோது எழுந்த போராட்டம், அந்த டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டிலும் மீனவர்களின் உயிரிழப்பிலும் போய் முடிந்தது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று விவகாரம் உயர்நீதிமன்றம் வரைக்கும் வந்தது, கடைகளை அகற்றினார்கள், மீனவர்கள் சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. காரில் போகிறவர்களுக்குச் சாலை வேண்டியதுதான். மீனை விற்றாக வேண்டியவர்களுக்கும் கரை வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும்போது, யார் அந்த இடத்தில் நிற்காவிட்டால் அடுப்பு எரியாது என்று ஒரு கேள்வியைக் கூடவே வைத்து நிறுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் மணல் முழுவதையும் கடந்து சாலைப் பக்கம் வந்தது. நடக்கப் போனவர்கள், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள், குப்பத்துப் பெண்கள், குழந்தைகள்... சென்னையில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஈரத் துணியோடு ஓடி வந்த மனிதர்கள் வந்தார்கள். அதற்குப் பின் பல நாள் ஐந்து மணிக்கு எவரும் செருப்பை மாட்டவில்லை. அப்புறம் ஒருவர் போனார். மறுநாள் நாலு பேர் போனார்கள். மாசம் திரும்புவதற்குள் சுண்டல்காரப் பையனும் வந்துவிட்டான்.

எனக்குத் தெரிந்த மீன்கார அம்மாள் ஒருவர் உண்டு. பல வருஷப் பழக்கம். அந்தத் தை மாதத்தில் அவரைப் பார்த்தபோது, "இனிமேல் கடல் பக்கம் வரவே பயமாக இருக்கிறது, அம்மா" என்று ஏதோ ஆறுதல் போலச் சொன்னேன். அவர் மீனை அரிந்துகொண்டே, "உங்களுக்கு இன்னா சார்? நீங்க கடலாண்ட நடந்து வர்றீங்க. எங்களாண்ட அது நடந்து வருது" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிவாள்மணையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. நடை தூரம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே ஓர் அம்மாள். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பியவர். வீட்டிலேயே டியூஷன் எடுத்து மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். கடலிலிருந்து பதினைந்து நிமிஷ நடையில் பிறந்து, அங்கேயே வயதானவர். சக்கர நாற்காலியைச் சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். மணலில் அது ஓடாது. ஆகையால் அலை சத்தத்தைக் கேட்டிருக்கிறாரே தவிர, அதைத் தொட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நாலு நாள் நடந்து போய்த் தொட்ட கடலை, பதினைந்து நிமிஷத்தில் இருந்தவர் அறுபது வருஷமாகத் தொடவில்லை!

2022 நவம்பர் 27 அன்று, மாற்றுத் திறனாளிகளுக்காக மணலின் மேல் 260 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். முதல் வாரத்திலேயே அவருடைய பழைய மாணவர்கள் அவரை அழைத்துப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். பாதையின் நுனியில் நாற்காலியை நிறுத்தினார்கள். மாணவர்களில் ஒருவன் ஓடிப்போய்க் கடல்நீரை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து அவர் பாதத்தில் ஊற்றினான். வரும் வழியில் பாதி சிந்திவிட்டது. மிச்சமிருந்த ஈரத்தை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நெஜமாவே உப்புத்தான்" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா. விடையைச் சரிபார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

டிசம்பரில் மாண்டஸ் புயல் அடித்து, திறந்து இரண்டு வாரங்கூட ஆகாத பாதையைச் சிதைத்துவிட்டது. "பணம் போச்சு, கடலோடு விளையாடலாமா?" என்று திண்ணையில் சிலர் பேசிக்கொண்டார்கள். பிறகு அதைச் சீர் செய்தார்கள். கடல் இன்னொரு தரம் உடைக்கும்; இன்னொரு தரம் சீர் செய்ய வேண்டியதுதான். நடக்க முடிகிறவர்களுக்காக நூற்று நாற்பது வருஷங்களாக எத்தனை தரம் அந்தச் சாலையையும் நடைபாதையையும் போட்டிருக்கிறோம்! அதற்கெல்லாம் எவரும் கணக்குப் பார்க்கவில்லையே. என் அம்மா இருந்திருந்தால், அந்த மரப்பலகைகளின் மேல் அவளையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். ஐந்து மணிக்கு அது ஞாபகம் வரும்.

இப்போது ஆலங்குளத்திலிருந்து என் தம்பி விடாமல் டெலிபோன் செய்கிறான். "அண்ணே, பிள்ளைகளும் வெளிநாட்டுக்குப் போயாச்சு. இங்க வீடு சும்மா கிடக்கு, பெரிய கூடம், காத்தோட்டமான முற்றம். ஒண்டுக்குடித்தனத்துல இன்னும் எத்தன நாளைக்குக் கிடப்பீக? வந்துருங்கண்ணே" என்கிறான். அவன் சொல்வது நியாயம். எனக்கும் முழங்கால் லேசாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. போன வருஷம் அலை வரைக்கும் போய்க்கொண்டிருந்தவன், இந்த வருஷம் மணலின் நடுவிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து எங்கே நிற்பேன் என்று எனக்குத் தெரியும். அம்மா நின்ற இடங்களெல்லாம் அடையாளம் போட்டாற் போல இருக்கின்றன.

ஊரில் கூடம் இருக்கிறது; உறவு இருக்கிறது; சாப்பாட்டில் அப்பளம் மொரமொரவென்று இருக்கும்; தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றிக்கொள்ளும். எல்லாம் இருந்தும், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால் என்னைக் கேட்காமலே செருப்பைத் தேடுமே, அப்போது அதை எந்தப் பக்கம் திருப்புவது? முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் எதுவும் கேட்காமல் ஒரு மணி நேரம் இருக்கும் இடம் ஆலங்குளத்தில் எங்கே இருக்கிறது? அங்கே நான் தெருவில் பத்து அடி நடந்தால், எங்கே போகிறீர்கள் என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதுவும் அன்புதான். ஆனால் 'சும்மாதான்' என்று சொன்னால் அங்கே எவரும் நம்பமாட்டார்கள்.

நேற்று அவனுக்குப் பதில் சொன்னேன். வருகிற தைப்பூசத்துக்கு ஊருக்கு வருகிறேன், உங்கள் கூட்டத்தோடு திருச்செந்தூருக்கு நடக்கிறேன் என்றேன். "இந்த வயசுலயா? நாலு நாள் நடையண்ணே!" என்று சிரித்தான். எனக்கு ஆறு நாள் ஆகட்டும், முடியாத இடத்தில் வண்டியில் ஏற்றிக்கொள் என்றேன். வீட்டு விஷயத்தை வழியில் பேசிக்கொள்ளலாம். பேசுவதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.